முழங்காலுக்கு மேல் ஆறு அங்குலம்

பேஸ்பால் ஆட்டத்தில் ‘ஸ்லைடு’ என்று ஒன்று உண்டு. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு ஓடுகிறவர், தனக்கு முன்னால் பந்து அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்தால், கடைசிச் சில அடிகளை ஓடிக் கடப்பதில்லை. உடம்பைச் சாய்த்து, காலை முன்னே நீட்டி, மண்ணில் சறுக்கிக்கொண்டே போய் பேஸைத் தொடுவார். கிரிக்கெட்டில் ரன் அவுட்டுக்குத் தப்பப் பாய்கிறார்களே, அதைப் போலத்தான். ஆனால் அங்கே எப்போதாவது நடப்பது இங்கே அன்றாட வேலை. தொடையின் பக்கவாட்டுதான் மண்ணில் உரசும். ஆண்கள் முழங்கால்வரை தடித்த கால்சட்டையும் அதற்குக் கீழே உயரமான காலுறையும் போட்டுக்கொண்டு சறுக்கினார்கள்.

1943 முதல் 1954 வரை அமெரிக்காவில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடிய பெண்கள் இதே சறுக்கலைக் குட்டைப்பாவாடையில் செய்தார்கள். வெறும் தொடை மண்ணிலும் சரளையிலும் உரசி, தோல் வழன்று, சிவப்பாகப் புள்ளிபுள்ளியாக ஒரு பெரிய காயம் உண்டாகும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்ட்ராபெரி’. பழைய காயம் ஆறுவதற்குள் அதன் மேலேயே அடுத்த காயம் விழும். இரத்தம் துணியில் ஒட்டாமலிருக்கப் புண்ணைச் சுற்றி வளையமாகக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளும் ஆடினார்கள்.

நான் பள்ளியில் கோ-கோ ஆடியவள். மாவட்டப் போட்டிக்குப் போகும்போது சுடிதார்தான் போட வேண்டும், துப்பட்டாவும் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஓடும்போது ஒரு கை தானாக முடிச்சைச் சரிபார்க்கப் போய்விடும். எங்களை மூடிக்கொண்டு ஓடச் சொன்னார்கள், அந்த அமெரிக்கப் பெண்களைத் திறந்துகொண்டு ஓடச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் உடுப்பைத் தீர்மானித்தவர்கள் ஓடவில்லை. பல ஆண்டுகள் கழித்து இந்தப் பெண்களைப் பற்றிப் படித்தபோது, அவர்கள் வாங்கிய கோப்பைகளைவிட அந்த ஸ்ட்ராபெரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

கதை ஒரு சூயிங் கம் முதலாளியிடம் தொடங்குகிறது. பிலிப் ரிக்லி, ரிக்லி சூயிங் கம் நிறுவனத்தின் அதிபர், சிகாகோ கப்ஸ் என்ற புகழ்பெற்ற ஆண்கள் அணிக்கும் சொந்தக்காரர். 1942 இறுதிக்குள் ஆட்டக்காரர்களில் பலர் இராணுவத்துக்குப் போய்விட்டார்கள். சிறிய தொழில்முறைப் போட்டித்தொடர்கள் வரிசையாக நின்றுபோயின. போர் நீண்டால் பெரிய தொடரும் நின்றுவிடும், மைதானங்கள் காலியாகக் கிடக்கும் என்று ரிக்லி கணக்குப் போட்டார். அதே நேரத்தில் அமெரிக்கச் சிற்றூர்களிலும் தொழிற்சாலைகளிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் சாஃப்ட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் விட்டுப்போன இயந்திரங்களில் பெண்களை நிறுத்தியதைப் போல, ஆண்கள் விட்டுப்போன மைதானத்திலும் பெண்களை நிறுத்தலாமே? பெண்ணுரிமை பற்றிய சிந்தனை எதுவும் இதில் இல்லை. காலியான இருக்கை பற்றிய கவலை இது.

தேர்வாளர்கள் அமெரிக்கா முழுவதும் கனடாவிலும் அலைந்து ஆட்டக்காரிகளைத் தேடினார்கள். 1943 மே மாதம் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்துக்கு ஏறத்தாழ 280 பேர் இறுதித் தேர்வுக்கு வந்தார்கள். 60 பேரை எடுத்து நான்கு அணிகளாகப் பிரித்தார்கள்: ராக்ஃபோர்டு பீச்சஸ், சௌத் பெண்ட் ப்ளூ சாக்ஸ், ரசீன் பெல்ஸ், கெனோஷா காமெட்ஸ். எல்லாம் சிகாகோவைச் சுற்றியுள்ள நடுத்தரத் தொழில் நகரங்கள். மே 30 அன்று ஆட்டம் தொடங்கியது. பின்னாளில் சேர்ந்த அணிகளின் பெயர்களையும் கேளுங்கள்: கிராண்ட் ரேபிட்ஸ் சிக்ஸ், ஃபோர்ட் வெய்ன் டெய்சீஸ், கலமசூ லாஸிஸ். பீச் பழங்கள், அழகிகள், கோழிக்குஞ்சுகள், பூக்கள், சின்னப் பெண்கள். ஆண்கள் அணிகள் புலிகளாகவும் கடற்கொள்ளையர்களாகவும் இருந்த நாட்டில் இது.

வாரச் சம்பளம் 45 டாலரிலிருந்து 85 டாலர் வரை. பண்ணைகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் தொலைபேசி நிலையங்களிலிருந்தும் வந்த பெண்கள் அவர்கள். பலருக்கு அப்பா வாங்கிய சம்பளத்தைவிட இது அதிகம். சிலருக்கு வயது 15தான். அண்ணன் தம்பிகளோடு வயலிலும் தெருவிலும் ஆடிக் கற்றவர்கள். வளர்ந்த பிறகு “போதும், வீட்டுக்குள் வா” என்று அழைக்கப்பட வேண்டியவர்களுக்கு, அதே ஆட்டத்துக்குக் கூலி கொடுக்கிறேன் என்று ஒருவன் வந்தால் விடுவார்களா? அந்தக் கூலியை வைத்துப் பின்னாளில் கல்லூரிக்குப் போனவர்கள் உண்டு. இந்தப் பெண்களை ஏமாற்றப்பட்டவர்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு விலை தெரிந்திருந்தது. தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

விலை இதுதான். பகல் முழுதும் பயிற்சி. மாலையில், முதல் ஆண்டில், ஹெலினா ரூபின்ஸ்டைனின் அழகு நிலையத்தார் நடத்திய வகுப்பு. எப்படி நடப்பது, எப்படி உட்காருவது, எப்படிப் பேசுவது, முகத்துக்கு என்ன பூசுவது. ஒவ்வொருத்திக்கும் அழகுப் பெட்டியில் இருக்க வேண்டியவற்றின் பட்டியலோடு ஒரு கையேடு: உதட்டுச் சாயம், கன்னச் சாயம், முகப்பவுடர், கைக்குப் பூசும் களிம்பு, முடி நீக்கும் களிம்பு. பிறகு விதிகள். மைதானத்துக்கு வெளியே எப்போதும் பெண்ணுக்குரிய உடையிலேயே இருக்க வேண்டும். உதட்டுச் சாயம் எந்நேரமும் இருக்க வேண்டும். ஆண்பிள்ளை போல முடியைக் குட்டையாக வெட்டக் கூடாது. பொது இடத்தில் புகையும் மதுவும் கூடாது. யாரோடு வெளியே போவதென்றாலும் ‘சாப்பரோன்’ அனுமதி வேண்டும். அணிக்கு ஒருத்தியாக நியமிக்கப்பட்ட மேற்பார்வைப் பெண்மணி அவர். அம்மா, நர்ஸ், விடுதிக் காப்பாளர் எல்லாம் அவரே. பாவாடை முழங்காலுக்கு மேல் ஆறு அங்குலத்தைத் தாண்டிக் குட்டையாகக் கூடாது. விதி மீறினால் முதல் முறை ஐந்து டாலர் அபராதம், இரண்டாம் முறை பத்து, மூன்றாம் முறை இடைநீக்கம்.

அந்த ஆறு அங்குலத்தை யோசித்துப் பாருங்கள். அதைவிட ஏறினால் மானம் போய்விடும், இறங்கினால் டிக்கெட் போகாது. இரண்டுக்கும் நடுவே அளந்து நிறுத்திய கோடு அது. இத்தனைக்கும் பேஸ்பால் ஆடிய பெண்கள் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. இதற்கு அரை நூற்றாண்டு முன்பே ‘புளூமர் கேர்ள்ஸ்’ என்ற பெண்கள் அணிகள் ஊர் ஊராகப் போய் ஆண்கள் அணிகளோடு மோதியிருக்கின்றன. புளூமர் என்பது தளர்வான கால்சட்டை. பாட்டிகள் கால்சட்டையில் ஆடிய ஆட்டத்தைப் பேத்திகள் பாவாடையில் ஆடினார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? அன்றைய சாஃப்ட்பால் ஆட்டக்காரிகள் ‘ஆம்பளைத்தனமானவர்கள்’ என்ற பேச்சு பரவலாக இருந்தது. அந்தச் சொல்லுக்குள் இன்னொரு சொல் ஒளிந்திருந்தது. பெண்ணை விரும்பும் பெண்கள் என்று பார்வையாளர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் பாவாடை தைத்தது, நீண்ட கூந்தலைக் கட்டாயமாக்கியது. சௌத் பெண்ட் அணியில் ஆடிய ஜோசஃபின் டி’ஆஞ்சலோ 1944இல் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தார் என்பதற்காக வெளியே அனுப்பப்பட்டார். ஆட்டத்தில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. பீயோரியா ரெட்விங்ஸ் அணிக்காக ஆடிய டெர்ரி டொனஹ்யூ ஒரு பெண்ணோடு ஏழு பத்தாண்டுகள் வாழ்ந்தார். குடும்பத்துக்கு அவர்கள் ‘தோழிகள்’. முதுமையில்தான் உண்மையைச் சொன்னார்கள். அதே அணியில் ஆடிய மேபல் பிளேர் வெளிப்படையாக அறிவித்தது 2022இல், தன் 95ஆம் வயதில். அந்தப் பாவாடை எவ்வளவு நீளமானது என்பதை அங்குலத்தில் அளப்பதா, ஆண்டுகளில் அளப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் உடையைப் பற்றியே பேசியதற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் அன்றும் இதைத்தான் செய்தார்கள்.

1943 ஜூலை 1ஆம் தேதி இரவு ரிக்லி ஃபீல்டில் தற்காலிக விளக்குகளைக் கட்டி, பெண்கள் இராணுவத் துணைப்படைக்கு ஆள் சேர்க்கும் நிகழ்ச்சியின் பகுதியாக ஓர் ஆட்டம் நடத்தினார்கள். அந்த மைதானத்தில் ஆண்கள் விளக்கொளியில் முதன்முதலாக ஆடியது 1988இல். 45 ஆண்டுகள் முன்னால் அங்கே இரவில் பேஸ்பால் ஆடியவர்கள் பெண்கள்.

1946ஐச் சொல்லியே ஆக வேண்டும். ரசீன் என்ற விஸ்கான்சின் நகரம் நமக்கு அவ்வளவு அந்நியம் அல்ல. நம் வீட்டு அலமாரியில் இருந்த ஹார்லிக்ஸ் அந்த ஊரில் பிறந்ததுதான். ஹார்லிக் குடும்பத்தின் பெயரில் அங்கே ஒரு மைதானம் இருக்கிறது. அது ரசீன் பெல்ஸ் அணியின் சொந்த மைதானம். அந்த அணியில் இரண்டாம் பேஸில் நின்றவர் சோஃபி கூரிஸ், மிச்சிகனின் ஃப்ளிண்ட் நகரத்துப் பெண். பேஸ்பாலில், பந்து வீசுகிறவர் கவனம் தப்பிய நொடியில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதை ‘பேஸ் திருடுவது’ என்பார்கள். அந்த ஒரே பருவத்தில் சோஃபி 203 முறை திருட முயன்றார். 201 முறை வெற்றி. பிடிபட்டது இரண்டே முறை. ஆண்கள் ஆட்டத்தில் நவீன காலச் சாதனை ரிக்கி ஹெண்டர்சன் 1982இல் செய்த 130. பெண்களுக்குப் பேஸ்களின் இடைவெளி குறைவு, ஆகவே இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் ஹெண்டர்சனைப் பிடிக்க நின்றவர்கள் அவரை 42 முறை பிடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்றும்: அந்த 201இல் ஏகப்பட்டவை சறுக்கி எடுத்தவை. அதாவது வெறும் தொடையால்.

அந்த ஆண்டின் இறுதித் தொடரில் ரசீனும் ராக்ஃபோர்டும். செப்டம்பர் 16, ஆறாவது ஆட்டம், ஹார்லிக் மைதானத்தில் 5,630 பேர். ராக்ஃபோர்டின் கேரொலின் மோரிஸ் ஒன்பது இன்னிங்ஸ் முடியும்வரை ஒருவரையும் ஒழுங்காக அடித்து பேஸுக்குப் போக விடவில்லை. வழக்கமாக ஆட்டம் ஒன்பதோடு முடியும். ரசீனின் ஜோயன் வின்டரோ ஓயாமல் அடி வாங்கினார், பேஸ்களில் ராக்ஃபோர்டுக்காரிகள் வந்து வந்து நின்றார்கள், ஆனால் ஒருத்தியையும் வீடு திரும்ப விடவில்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. வின்டரே வீசிக்கொண்டிருந்தார். பதினான்காம் இன்னிங்ஸில் சோஃபி அடித்து முதல் பேஸுக்குப் போனார். இரண்டாவதைத் திருடினார். பெட்டி ட்ரெஸா வலப்பக்கமாக அடித்த பந்து புல்லைத் தொட்டு ஓடியபோது சோஃபி ஏற்கெனவே ஓட்டத்தில் இருந்தார். மூன்றாம் பேஸைத் தாண்டி வந்து சறுக்கி வீட்டைத் தொட்டார். 1-0. தொடரின் தலைவராக இருந்த மேக்ஸ் கேரி, தன் காலத்தில் பேஸ் திருடுவதில் பேர் பெற்ற பெரிய ஆட்டக்காரர், தான் பார்த்ததிலேயே சிறந்த ஆட்டம் அது என்று சொன்னார். ஆண்கள் ஆட்டத்தையும் சேர்த்துத்தான்.

ராக்ஃபோர்டின் முதல் பேஸில் நின்ற டாட்டி கமென்ஷெக், தன் ஆட்ட வாழ்வு முழுவதும் 3,736 முறை மட்டையோடு நின்று, அடிக்கத் தவறி வெளியேறியது 81 முறைதான். இதைப் படித்துவிட்டு ஆண்கள் அணி ஒன்று அவரை விலைக்குக் கேட்டதில் ஆச்சரியம் என்ன? விற்பனை நடக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வேறு. 1943இல் அவர்களுக்குக் கொடுத்த பந்தின் சுற்றளவு 12 அங்குலம், சாஃப்ட்பால் பந்து. கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். பந்து வீசும் தூரம் 40 அடி, பேஸ்களுக்கு இடையே 65 அடி. பெண்களுக்கு இது போதும் என்று நினைத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு பந்து சுருங்கிக்கொண்டே வந்தது, தூரம் நீண்டுகொண்டே போனது. 1946இல் பக்கவாட்டு வீச்சை அனுமதிக்கத் தொடங்கினார்கள், 1948இல் தோளுக்கு மேலிருந்து வீசுவது வந்தது. 1954இல் ஆண்கள் ஆடும் அதே ஒன்பது அங்குலச் சொச்சம் பந்து, வீச்சுத் தூரம் 60 அடி, பேஸ் தூரம் 85 அடி. ஆண்களுக்கு 90. ஒவ்வொரு எல்லையையும் அவர்கள் எட்டிப் பிடித்ததால்தான் அடுத்த எல்லை தள்ளி வைக்கப்பட்டது. இந்த மாற்றங்களுக்கு நடுவே சௌத் பெண்டின் ஜீன் ஃபாட், மகனைப் பெற்று வளர்த்துக்கொண்டே, 1951இலும் 1953இலும் எதிரணியில் ஒருத்தியைக்கூட முதல் பேஸுக்குப் போக விடாத முழு ஆட்டத்தை இருமுறை வீசினார். பாவாடை மட்டும் பன்னிரண்டு ஆண்டும் பாவாடையாகவே இருந்தது.

மைதானத்தில் எவ்வளவு வளர்ந்தாலும் மேலாளர் நாற்காலி ஆண்களுடையது. கனடாவின் ரெஜைனாவிலிருந்து வந்த மேரி ‘பானி’ பேக்கர் 1950இல் கலமசூ அணிக்கு ஆடிக்கொண்டே மேலாளராகவும் இருந்தார். அந்தப் பருவம் முடிந்ததும் இனிப் பெண் மேலாளர் கூடாது என்று தொடரின் நிர்வாகம் முடிவெடுத்தது. 1952 ஆகஸ்ட் கடைசியில் சௌத் பெண்ட் அணியின் மேலாளர் ஓர் ஆட்டக்காரியை நீக்கியபோது ஐந்து பேர் அவளோடு மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள். அந்த மேலாளர் ஜீன் ஃபாட்டின் கணவர். ஜீன் உள்ளே நின்றார். மீதமிருந்த பன்னிரண்டு பேரும் ஆடி அந்த ஆண்டு கோப்பையை வென்றார்கள். வென்ற கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சம்பளத்தை விட்டுவிட்டு வெளியே போன ஆறு பேரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். வீட்டுக்குள்ளும் மேலாளர், வெளியிலும் மேலாளர் என்று இருந்த ஜீனின் நிலையைப் பற்றியும்.

இந்தத் தொடரை உலகத்துக்கு ஞாபகப்படுத்தியது பென்னி மார்ஷல் இயக்கி 1992இல் வந்த ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ படம். நானும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் இந்தப் பெண்களை அறிந்தேன். அதில் ஒரு காட்சி. பயிற்சியின்போது பந்து ஓரமாக உருண்டு போகிறது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பினப் பெண் அதை எடுத்து, பக்கத்தில் நிற்கும் வீராங்கனையைத் தாண்டித் தூரத்தில் இருப்பவளிடம் வேகமாக எறிகிறாள். எறிந்துவிட்டுத் தலையசைத்துப் போய்விடுகிறாள். சில நொடிகள்தான்.

உண்மையிலும் அப்படித்தான். 600க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடிய அந்தத் தொடரில் ஒரு கறுப்பினப் பெண்ணும் இல்லை. 1947இல் வசந்தகாலப் பயிற்சிக்கு எல்லா அணிகளும் கியூபாவின் ஹவானாவுக்குப் போயின. அதே வசந்தத்தில், பெரிய தொடரின் நிறவேலியை உடைக்கவிருந்த ஜாக்கி ராபின்சனும் ஹவானாவில் பயிற்சியில் இருந்தார். பெண்கள் தொடர் கியூபாவிலிருந்து வெளிர்நிறப் பெண்கள் சிலரைக் கூட்டி வந்தது. நிறம் கொஞ்சம் கூடியவர்களை விட்டுவிட்டது. பாவாடை விதியையும் கூந்தல் விதியையும் எழுதி வைத்தவர்கள் இந்த விதியை எழுதி வைக்கவில்லை. அழகி என்றாலே வெள்ளைக்காரிதான் என்று இருக்கும்போது தனியாக எழுதுவானேன்?

தென் கரோலினாவில் பிறந்த மேமி ஜான்சன் பந்து வீசுவதில் கெட்டிக்காரி. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் இந்தத் தொடருக்கான தேர்வுக்குத் தோழியோடு போனார். உள்ளேயே விடவில்லை. கறுப்பின ஆண்களின் தொழில்முறைத் தொடரான நீக்ரோ லீகில், இண்டியானாபொலிஸ் க்ளவுன்ஸ் அணியில் அவர் 1953 முதல் ஆண்களுக்குப் பந்து வீசினார். அதே ஆண்டில் அதே அணியில் டோனி ஸ்டோன் இரண்டாம் பேஸில் நின்றார். அடுத்த ஆண்டு கானி மோர்கன் வந்தார். முந்தைய ஆண்டு அந்த அணியில் ஹாங்க் ஆரோன் ஆடியிருந்தார் என்றால் அது என்ன மாதிரியான அணி என்பது விளங்கும். இங்கேயும் நோக்கம் தூய்மையானதல்ல. நல்ல ஆட்டக்காரர்கள் பெரிய தொடருக்குப் போய்விட, கூட்டம் குறைந்த காலத்தில் டிக்கெட் விற்கத்தான் பெண்களைச் சேர்த்தார்கள். 32 வயதான டோனி ஸ்டோனுக்கு விளம்பரத்தில் பத்து வயதைக் குறைத்தார்கள். பாவாடை கட்டச் சொன்னார்கள். அவர் முடியாது என்றார். ஆண்கள் போட்ட அதே கால்சட்டையில்தான் ஆடினார்.

டோனியின் வாழ்க்கையில் ஒரு செய்தி என் மனதைவிட்டுப் போகவே இல்லை. பயணத்தில் ஆண்கள் அணியோடு பேருந்திலிருந்து இறங்கும் ஒற்றைப் பெண்ணைப் பார்த்த விடுதிக்காரர்கள், இவள் பாலியல் தொழிலாளி என்று முடிவுகட்டி, அந்த ஊரின் விபச்சார விடுதிக்கு வழி காட்டி அனுப்பிவிடுவார்கள். டோனி போனார். அங்கிருந்த பெண்கள் அவருக்குப் படுக்கை கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள். நெஞ்சில் பந்து பட்டு வலிக்கிறது என்று தெரிந்து சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்தும் கொடுத்தார்கள். ரிக்லியின் தொடரில் உடுப்பை வடிவமைக்க ஓவியர், முதலாளியின் மனைவி என்று எத்தனையோ பேர் உட்கார்ந்தார்கள். தொடைக்கு அடியில் ஒரு துண்டுப் பஞ்சு வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெண்கள் தொடரின் உச்சம் 1948. பத்து அணிகள், ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். ஆறே ஆண்டில் முடிந்துவிட்டது. ஆண்கள் திரும்பி வந்தார்கள், பெண்கள் வீட்டுக்குப் போனார்கள் என்று ஒற்றை வரியில் சொல்வது வழக்கம். அது சரியல்ல. போர் முடிந்து மூன்றாண்டு கழித்துத்தான் இந்த உச்சமே வந்தது. ரிக்லி 1944லேயே கைகழுவிவிட்டார். அவருடைய விளம்பர முகவரான ஆர்தர் மேயர்ஹாஃப் வாங்கி நடத்தினார். 1951 முதல் ஒவ்வோர் அணியின் முதலாளியும் தனித்தனியாக நடத்த ஆரம்பித்தபோது, பொதுவான விளம்பரமும் ஆள் தேடும் ஏற்பாடும் சுருங்கின. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்து பெரிய ஆண்கள் அணிகளின் ஆட்டத்தை இலவசமாகக் காட்டியது.

இவற்றைவிட முக்கியமானது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். பந்து சிறுத்துத் தூரம் நீண்டு ஆட்டம் உண்மையான பேஸ்பால் ஆக ஆக, புதிதாக வருகிற பெண்களால் சேர முடியாமல் போனது. அவர்களுக்கு ஆடக் கிடைத்தது சாஃப்ட்பால் மட்டும்தான். சிறுவர்களுக்கான ‘லிட்டில் லீக்’ அமைப்பில் 1950இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங்கில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி, தலைமுடியைக் குட்டையாக்கிப் பையன் பெயரில் சேர்ந்து ஆடினாள். அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகள் கூடாது என்று விதி போட்டார்கள். அந்த விதி 1974வரை நின்றது. மேலே 1952 ஜூனில் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் ஆண்கள் அணி எலனார் எங்கிள் என்ற சுருக்கெழுத்தாளரை ஒப்பந்தம் செய்தது. ஓர் ஆட்டமும் ஆடுவதற்குள் ஒப்பந்தம் செல்லாது என்றும், இனி எந்த அணியும் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. கீழே படிக்கட்டு இல்லை, மேலே கதவு சாத்தியாகிவிட்டது. நடுவில் ஒரு மாடி மட்டும் எத்தனை நாள் நிற்கும்?

1954இல் ஐந்து அணிகள் மிஞ்சின. ஆண்களின் பந்து, 60 அடி, 85 அடி என்று ஆட்டம் முழுமைக்கு மிக அருகில் வந்த அதே பருவம்தான் கடைசிப் பருவம். கலமசூ லாஸிஸ் வென்றது. 15 வயதில் சேர்ந்த டாட்டி ஷ்ரோடர், பன்னிரண்டு பருவமும் ஆடிய ஒரே பெண், அந்த அணியில்தான் இருந்தார்.

பிறகு அவர்கள் ஆசிரியைகளாகவும் பிசியோதெரபிஸ்டுகளாகவும் தொழிற்சாலை ஊழியர்களாகவும் போனார்கள். மேமி ஜான்சனும் டோனி ஸ்டோனும் நர்ஸ் வேலை பார்த்தார்கள். பலர் தாங்கள் ஆடியதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்பதால். 1980க்குப் பிறகுதான் ஒருவரையொருவர் தேடிக் கடிதம் எழுதிக்கொண்டு, 1982இல் சிகாகோவில் கூடினார்கள். கூப்பர்ஸ்டவுனின் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் பெண்களுக்கென்று ஒரு காட்சி 1988 நவம்பரில் திறக்கப்பட்டது. மண்டபத்துக்குள் தனிப்பெயரோடு பட்டயம் பெற்ற பெண் இன்றுவரை ஒருவரே. எஃபா மேன்லி, 2006இல். அவர் ஆட்டக்காரி அல்ல, நீக்ரோ லீகில் ஓர் அணியின் உரிமையாளர்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது கபடி ஆடும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “மேடம், அந்த ஸ்ட்ராபெரி தழும்பு கடைசிவரை இருந்துச்சா?” இருந்தது என்றேன். வயதான பிறகு பேட்டி எடுக்க வந்தவர்களிடம் சிலர் அதைத்தான் முதலில் காட்டினார்கள். அவள் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.